இரண்டு தொகுதிக்கு ஒரு பாலம்

என் வீட்டுக்காரர் ஒருநாளும் தேர்தலில் நின்றதில்லை. ஆனால் எங்கள் தொகுதியில் ஜெயித்தவர்களில் பாதிப் பேருக்கும், தோற்றவர்களில் சில பேருக்கும் தமிழில் வாய் அவர்தான்.

மும்பையில், செம்பூரில் ஹார்பர் லைன் ரயில் தண்டவாளத்தை ஒட்டி எங்கள் சந்து. முக்கால்வாசி வீடுகள் திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து வந்தவர்களுடையவை. ஓட்டுக் கேட்டு வருகிறவர் மராத்தியில் ஆரம்பித்து ஹிந்தியில் முடிப்பார். எங்கள் சந்துப் பெண்களுக்குக் காய்கறிக்காரனோடு சண்டை போடும் அளவுக்கு ஹிந்தி உண்டு. மேடைப் பேச்சு கேட்கும் அளவுக்குக் கிடையாது. அதனால் எந்தக் கட்சிக் கூட்டமானாலும் சந்து முனையில் இரண்டு மைக் வைப்பார்கள். ஒன்று வேட்பாளருக்கு, இன்னொன்று அவர் சொல்லச் சொல்லத் தமிழில் சொல்கிறவருக்கு.

அந்த இரண்டாவது மைக்தான் என் வீட்டுக்காரருடையது. பகலில் காட்கோபரில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிறவர். மராத்திக் குடும்பங்களுக்கு நடுவே ஒரு சாலில், ஒற்றை அறை வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்ததால் அந்த மொழி அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆளைப் பார்த்தால் ஃபேன் காற்றில் பறந்துவிடுவார் போலிருக்கும். குரல் மட்டும் எங்கிருந்து வருகிறது என்று கல்யாணமான புதிதில் நானே சுற்றும் முற்றும் பார்த்திருக்கிறேன்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. எந்தக் கட்சி முதலில் வந்து கூப்பிடுகிறதோ, அந்தத் தேர்தலுக்கு அந்தக் கட்சி. அப்புறம் யார் வந்து கெஞ்சினாலும் மாட்டார். "ஓட்டு வேற, மைக்கு வேற" என்பார். ஓட்டு யாருக்குப் போட்டார் என்று இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. நானும் அவருக்குச் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் நாங்கள் சமர்த்தான தம்பதி.

நான் கல்யாணமாகி வந்து பார்த்த முதல் தேர்தலில், நெடுங்காலமாக ஜெயித்துக்கொண்டிருந்த பழைய கட்சியின் ஆள் வந்தார். வெள்ளைக் குல்லாய், நிதானமான பேச்சு. ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஒரு வெற்றிலை போட்டுவிடலாம். தண்டவாளத்துக்கு மேலே நடைபாலம் கட்டித் தருவோம் என்று அவர் சொன்னதை என் வீட்டுக்காரர் தமிழில் எடுத்து விட்டார். "இனிமே நம்ம வீட்டுப் பொம்பளைய ஒருத்தியும் தண்டவாளத்துல கால் வைக்கப்படாது. பாலம் வருது." எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படிப் பேசுகிறவருக்கா வாழ்க்கைப்பட்டிருக்கிறேன் என்று பெருமையாக இருந்தது.

அந்தப் பாலம் எங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மார்க்கெட், பள்ளிக்கூடம், டாக்டர், ரேஷன் கடை எல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். சுற்றிப் போனால் பாதிக் காலை போய்விடும். ஆகவே எல்லோரும் குறுக்கேதான் போவோம். நான் அந்தப் பக்கம் மார்க்கெட் வாசலில் இட்லி விற்கிறவள். ஒரு கையில் இட்லிப் பானை, ஒரு கையில் சட்னித் தூக்கு, காது இரண்டும் ரயில் ஹாரனுக்கு. எதிர்வீட்டு அக்கா தலையில் பூக்கூடையோடு எனக்கு முன்னால் போவார். மழைக்காலத்தில் ஜல்லி வழுக்கும். ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும் சாமி கும்பிடுகிறவர்கள் எங்கள் சந்தில் அநேகம்.

குல்லாய்க்காரர் ஜெயித்தார். பாலம் வரவில்லை. அடுத்த தேர்தலிலும் அதையே சொன்னார்கள். என் வீட்டுக்காரரும் அதையே, இன்னும் அழகாகச் சொன்னார்.

அதற்கடுத்த முறை, மண்ணின் மைந்தர்களுக்கே மும்பை என்று சொல்கிற கட்சிக்காரர்கள் முதலில் வந்துவிட்டார்கள். நம் ஆட்களை ஒரு காலத்தில் மூட்டையைக் கட்டச் சொன்னவர்கள். அவர்களுடைய பேனரிலேயே இப்போது தமிழில் வணக்கம் என்று எழுதியிருந்தது. அவர்களுக்காக மைக் பிடிக்கலாமா என்று சந்தில் பெரிய வாக்குவாதம். என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "ஏசும்போது மராத்தியில ஏசுனாவ. கேக்கும்போது தமிழ்ல கேக்கட்டும். அத நம்ம காதால கேப்போம்." அந்த வேட்பாளர் என் கடைக்கு வந்து இட்லி தின்றார். சட்னி இன்னொரு கரண்டி கேட்டார். ஜெயித்தும்விட்டார். அவரும் பாலம் வரும் என்றுதான் சொல்லியிருந்தார்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வேட்பாளர்கள் வந்து போய்விடுவார்கள். அவர்கள் முகமே சந்துக்காரர்களுக்கு மறந்துவிடும். ஆனால் பாலம் வரும் என்று எல்லார் காதிலும் விழுந்தது என் வீட்டுக்காரர் குரலில். ஆகவே கேள்வி அவருக்குத்தான் வரும். குழாயடியில், சலூனில், கோயில் வரி வசூலில், "என்ன, பாலம் எங்க?" என்பார்கள். எதிர்வீட்டு அக்காதான் இதில் முன்னணி. அவருக்கு என் வீட்டுக்காரர் கொழுந்தன் முறை. பூக்கூடையோடு தண்டவாளத்தில் நின்றுகொண்டே, கடைக்குப் புறப்படுகிறவரைப் பார்த்துக் குரல் கொடுப்பார்.

"கொழுந்தனாரே, ஒம்ம பாலத்துல ஏறி நிக்கேன். காத்து நல்லா வருது."

நானும் சும்மா இருந்ததில்லை. அவர் கூட்டத்தில் பேசிவிட்டுத் தொண்டை கட்டி வரும் நாளில் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்துவிட்டு, "காலையில பாலம் வழியாப் போகவா, தண்டவாளம் வழியாப் போகவா" என்று கேட்பேன். அவர் சிரித்துக்கொண்டு குடிப்பார். சிரிப்பு ஒவ்வொரு தேர்தலுக்கும் கொஞ்சம் குறைந்துகொண்டு வந்தது. அதை நான் கவனிக்கத்தான் செய்தேன். தன் வார்த்தைக்குச் சந்தில் மதிப்புப் போய்க்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு உறுத்தியது. வீட்டில் சொல்ல மாட்டார். வெயிலானாலும் குழாயடியைத் தவிர்த்துச் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

இப்படியிருக்கும்போது தொகுதிகளைத் திரும்பப் பிரித்தார்கள். எங்கோ உட்கார்ந்து யாரோ கோடு கிழித்தார்கள். அந்தக் கோடு சரியாக எங்கள் தண்டவாளத்தின் மேலேயே போனது. நாங்கள் ஒரு தொகுதி, மார்க்கெட் இன்னொரு தொகுதி. எங்கள் சந்தில் குடியிருந்து அந்தப் பக்கம் இட்லி விற்கிற நான், ஒரு எம்.எல்.ஏ.வின் தொகுதியில் மாவாட்டி இன்னொரு எம்.எல்.ஏ.வின் தொகுதியில் வியாபாரம் செய்கிறவள் ஆனேன். அது பரவாயில்லை. பாலத்துக்கு ஒரு கால் இந்தத் தொகுதியிலும் ஒரு கால் அந்தத் தொகுதியிலும் என்று ஆகிவிட்டது. நம்முடையவரைக் கேட்டால் அவர் தயார்தானாம், அந்தப் பக்கத்துக்காரர் மனசு வைக்கவில்லையாம். அந்தப் பக்கத்துக்காரரைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் படிக்கட்டு போடச் சொல்லுங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாராம். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டே இரண்டு முறை ஜெயித்தார்கள்.

அப்புறம் கட்சிகள் உடைந்தன. அதை விளக்கப் போனால் எனக்கே தலை சுற்றும். போன தடவை ஒரு நிறத் துண்டோடு வந்தவர் இந்தத் தடவை வேறு நிறத் துண்டோடு வந்தார். ஒரே கட்சி இரண்டாகி, இரண்டும் நாங்கள்தான் அசல் என்றன. "இப்ப யார நல்லவர்னு சொல்லணும், யார மோசம்னு சொல்லணும்" என்று என் வீட்டுக்காரர் மேடை ஏறுவதற்கு முன்னால் ஒருமுறை விசாரித்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாறாமல் இருந்தது பாலம் மட்டும்தான். எல்லாத் துண்டுக்காரர்களும் அதைச் சொன்னார்கள்.

இந்தக் கடைசித் தேர்தலில் எங்கள் பக்கத்தில் நின்றவர் கொஞ்சம் இளவயசு. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கொல்ஹாபுரிச் செருப்பு. முதல் கூட்டத்தில் பாலம் பற்றிச் சொன்னார். என் வீட்டுக்காரரும் வழக்கம்போல் தமிழில் சொன்னார். மறுநாள் காலை தண்டவாளத்தைக் கடக்கும்போது எதிர்வீட்டு அக்காவுக்குக் கால் இடறிவிட்டது. எனக்கு இரண்டு அடி முன்னால் விழுந்தார். பூக்கூடை கவிழ்ந்து தண்டவாளம் முழுக்க மல்லிகை. ரயில் ஹாரன் கேட்கிறது. பானையை அப்படியே போட்டுவிட்டு நானும் இன்னொருத்தியும் அவரை இழுத்தோம். உயிருக்கு ஒன்றுமில்லை. மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகுதான் தண்டவாளத்தில் போட்ட பானை எனக்கு ஞாபகம் வந்தது.

சாயந்தரம் என் வீட்டுக்காரர் பார்க்கப் போனார். நானும் கூடப் போனேன். அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தார். கேலியாக ஏதாவது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. "டீ குடிச்சிட்டுப் போங்க கொழுந்தனாரே" என்று மட்டும் சொன்னார். கேலி செய்திருந்தால் என் வீட்டுக்காரர் தாங்கியிருப்பார். அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் இரண்டாவது கூட்டம். அக்கா கையில் கட்டோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். வேட்பாளர் தண்ணீர், சாக்கடை, மின்சாரம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். என் வீட்டுக்காரரும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பாலம் வந்தது. வேட்பாளர் கையை உயர்த்தி, நீட்டி முழக்கி, பாலம் கட்டித் தருவதாகச் சொல்லிவிட்டுத் தமிழுக்காக நின்றார். இரண்டாவது மைக்கில் சத்தமில்லை. வேட்பாளர் திரும்பிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார்.

"பாலத்தப் பத்தி ஐயா என்னமோ சொல்லுதாவ. அத நான் இனிமே என் வாயால சொல்ல மாட்டேன். மன்னிச்சுக்கிடுங்க."

கூட்டத்தில் கை தட்டினார்கள் பாருங்கள், அப்படி ஒரு கைதட்டலை அந்தச் சந்து முனை கண்டதில்லை. வேட்பாளர் தனக்குத்தான் என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

விஷயம் வேட்பாளர் காதுக்குப் போகாமலா இருக்கும். மறுநாள் காலை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூட இரண்டு பேர். கோபமாக வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார். ஏன் சொல்லவில்லை என்று என் வீட்டுக்காரரிடம் நிதானமாகத்தான் கேட்டார். இவரும் மராத்தியிலேயே நிதானமாகப் பதில் சொன்னார். நீங்கள் சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள், உங்கள் வார்த்தையோடு இங்கே குடியிருக்கிறவன் நான் என்றார். வேட்பாளர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு பழைய பாட்டையே பாடினார். அந்தப் பக்கம் என் ஏரியா இல்லையே என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அடுப்படியிலிருந்தே என் பம்பாய் ஹிந்தியில் சொன்னேன்.

"சாஹேப், தும்ஹாரா ஏரியா அலக் அலக் ஹை. மேரா தோனோ பைர் ஸாத் மே சல்தா ஹை."

உங்கள் ஏரியாதான் தனித்தனி, என் இரண்டு காலும் சேர்ந்துதான் நடக்கிறது என்று அர்த்தம். அதோடு விடவில்லை. நாளைக்குக் காலையில் என்னோடு ஒரு தடவை கடந்து பாருங்கள் என்றேன். என் வீட்டுக்காரர் என்னை முறைத்தார். வேட்பாளர் சிரித்துவிட்டு வருகிறேன் என்றார். அவர் வரமாட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

வந்தார். அதே வெள்ளைச் சட்டை. நான் பானையோடு முன்னால் போனேன், அவர் பின்னால். நடுத் தண்டவாளத்தில் ஒரு கொல்ஹாபுரி ஜல்லியில் மாட்டிக்கொண்டது. தூரத்தில் ஹாரன். செருப்பை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் கத்தியதும் ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தார். மார்க்கெட் வாசலில் முகம் வெளுத்து நின்றவருக்கு ஒரு தட்டில் இட்லி வைத்துக் கொடுத்தேன். பாதியோடு நிறுத்திவிட்டார். எதிர்த்தரப்பு ஆள் ஓட்டு வேட்டைக்குத் தன் தொகுதிக்குள் வந்துவிட்டான் என்று அந்தப் பக்கத்துக்காரருக்குச் செய்தி போய்விட்டது. பதறிப்போய் அவரும் மறுநாள் வந்து, எங்கள் பக்கம் கடந்து, திரும்பிப் போனார். ஒரே வாரத்தில் இரண்டு பேரையும் நடக்க வைத்த சாமர்த்தியம் என்னுடையது. இதை நான் தன்னடக்கத்தோடு சொல்லவில்லை.

கடைசிக் கூட்டம். வேட்பாளர் பாலம் என்று ஆரம்பித்து நிறுத்தி, என் வீட்டுக்காரரைப் பார்த்து, இப்போதாவது சொல்வீர்களா என்று மராத்தியில் கேட்டார். என் வீட்டுக்காரர் கூட்டத்தைப் பார்த்தார்.

"சொல்லட்டுமா மதினி?"

எதிர்வீட்டு அக்கா கட்டுப் போட்ட கையை ஆட்டினார். "நீரு சொல்லண்டாம். அவிய வாயாலயே சொல்லச் சொல்லும். தமிழ்ல."

அப்படியே நடந்தது. என் வீட்டுக்காரர் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுக்க, வேட்பாளர் மைக்கில் திருப்பிச் சொன்னார். "நான். பாலம். கட்டித் தருவேன். இல்லேன்னா. ஓட்டு கேட்டு. வர மாட்டேன்." கடைசி வாக்கியத்துக்கு அர்த்தம் என்னவென்று சொன்ன பிறகு கேட்டார். என் வீட்டுக்காரர் விளக்கியதும் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார். சந்துப் பிள்ளைகள் எல்லோரும் அதை மொபைலில் எடுத்துவிட்டார்கள். அவர் ஜெயித்த பிறகு எங்கள் பக்கம் எந்தக் கல்யாணத்துக்கு வந்தாலும், எந்தக் கோயிலுக்கு வந்தாலும், ஒரு பயல் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டாமல் விட்டதில்லை. அந்தப் பக்கத்து எம்.எல்.ஏ.வுக்கும் அது போய்ச் சேர்ந்தது. அவரும் சும்மா இருக்க முடியவில்லை.

பாலம் சொன்ன நேரத்தில் வரவில்லை. இடையில் வேலை நின்றது. எங்கள் பக்கத்துத் தூண் மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கத் தனியாக நனைந்துகொண்டிருந்தது. ஆனால் வந்துவிட்டது. திறப்பு விழாவில் எல்லா நிறத் துண்டும் இருந்தது. எல்லாப் பேனரிலும் அவரவர் கட்டிய பாலம் என்று போட்டிருந்தது. ரிப்பன் வெட்டி, தேங்காய் உடைத்து, படம் எடுத்து, எல்லோரும் காரில் ஏறிப் போய்விட்டார்கள்.

மறுநாள் காலை நான் பானையைத் தூக்கும்போது என் வீட்டுக்காரர் கடைக்குப் போகாமல் நின்றார். "நானும் வாறேன், குடு" என்று பானையை வாங்கிக்கொண்டார். படிக்கட்டு செங்குத்துதான். மூச்சு வாங்கிக்கொண்டு மேலே போய் நின்று கீழே பார்த்தோம். பாதிச் சந்து வழக்கம்போலத் தண்டவாளத்தில் போய்க்கொண்டிருந்தது. பழகின காலுக்குப் பாலம் வந்தது தெரியவில்லை. எதிர்வீட்டு அக்காவும் பூக்கூடையோடு ஜல்லியில் இறங்கியிருந்தார். என் வீட்டுக்காரர் பானையைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மைக் எதற்கு அந்தக் குரலுக்கு.

"மதினி. மேல வாங்க."

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "இந்த முட்டிய வச்சிக்கிட்டா? நீரு ஏறும். நான் இப்படியே போயிருதேன்."

என் வீட்டுக்காரர் திடுதிடுவென்று படியிறங்கிப் போனார். அக்காவின் கூடையை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டார். முறிந்து கூடின கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, நின்று நின்று, மேலே கூட்டிக்கொண்டு வந்தார். அக்கா மேலே வந்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ரயில் ஒன்று எங்கள் காலுக்குக் கீழே போனது. அது போய் முடியும் மட்டும் அக்கா கண் எடுக்காமல் பார்த்தார். பிறகு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே போகிற பெண்களைப் பார்த்துக் கத்தினார்.

"ஏட்டீ, எல்லாரும் மேல வாங்க. எங்க கொழுந்தனாரு சொன்ன பாலம் இருக்க, கீழ என்னத்துக்குச் சாவுதிய?"

ஒருத்தி நின்றாள். இன்னொருத்தி அவளைப் பார்த்து நின்றாள். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பிப் படிக்கட்டுக்கு வந்தார்கள். நான் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். அத்தனை தேர்தலிலும் அத்தனை பேருடைய பேச்சைப் பேசியவர், பூக்கூடை தலையில் இருப்பதையும் மறந்து, என் இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு, எங்களுக்கு முன்னால் அந்தத் தொகுதிக்குள் இறங்கிப் போனார்.